கைக்கு இறுகியது, சங்கிலிக்கு இறுகலை

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எதுவும் எழுதி. ஆபீஸ், பனி, பையனோட பரீட்சைன்னு காரணம் ஆயிரம் சொல்லலாம். உண்மையான காரணம் சோம்பேறித்தனம்தான்.

இன்னிக்கு லாரி மேட்டர். அதுலயும் லாரியைப் பத்தி இல்லை, லாரி மேல ஏத்தின லோடைக் கட்டுற சாமான்களைப் பத்தி. அந்தச் சாமான்களுக்கு எண்ணெய் போடுறதைப் பத்தி. "இதுக்கெல்லாமாய்யா வரலாறு எழுதுவாங்க?"ன்னு நீங்க முணுமுணுக்கிறது காதில் விழுது. கொஞ்சம் பொறுங்க. எங்க அப்பா முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல வாயைத் திறந்து சொல்லாத ஒரு விஷயம் இதுக்குள்ள இருக்கு.

போன வருஷம் கோடைக்கு அப்பா எங்க வீட்டுக்கு வந்திருந்தார். நாங்க இருக்கிறது கனடாவுல ஹாமில்டன், இரும்பாலை ஊர். அப்பா சங்ககிரிக்காரர், முப்பது வருஷம் லாரி ஓட்டினவர், இப்ப வயசு எழுபத்தாறு. நயாகரா அருவிக்குக் கூட்டிட்டுப் போனேன். ரெண்டு நிமிஷம் பார்த்தார். "தண்ணி நெறையத்தான் வருது"ன்னு சொல்லிட்டு, வெளியே நின்ன ஒரு பெரிய டிரெய்லரைச் சுத்திப் பார்க்கப் போயிட்டார் :-)

சரி, இவரை எங்கே கூட்டிட்டுப் போகணும்னு அப்பதான் புரிஞ்சுது. எனக்கு ஒரு யாழ்ப்பாணத்து நண்பர் இருக்கார். என்னைவிட நாலு வயசு சின்னவர். பக்கச்சுவர் இல்லாத தட்டை டிரெய்லர் ஓட்டுறார். இங்கே பிளாட்பெட்னு சொல்வாங்க. ஹாமில்டன்ல இரும்பும் மெஷினும் ஏத்திக்கிட்டு, பீஸ் பிரிட்ஜ் தாண்டி அமெரிக்காவுல பஃபலோ பக்கம் இறக்கிட்டு வருவார். ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அவரோட யார்டுக்கு அப்பாவைக் கூட்டிட்டுப் போனேன்.

அங்கே ஒரு பழைய லேத் மெஷின் ஏத்தி, காலைல கிளம்புறதுக்குக் கட்டிக்கிட்டிருந்தார். தடிமனான சங்கிலி, ரெண்டு முனையிலயும் கொக்கி. சங்கிலியை இழுத்து இறுக்குறதுக்கு ரேச்சட் பைண்டர். தெரியாதவங்களுக்கு ஒரு வரி: ஒரு இரும்புக் குழாய், அதுக்குள்ள ரெண்டு பக்கமும் மரை போட்ட திருகு. ஒண்ணு வலது மரை, ஒண்ணு இடது மரை. நடுவுல இருக்கிற கைப்பிடியை ஆட்ட ஆட்ட குழாய் சுத்தும், ரெண்டு திருகும் உள்ளே வரும், சங்கிலி இறுகும். திரும்பி அவிழாம இருக்க ஒரு பல்சக்கரமும் அதைத் தடுக்கிற ஒரு சின்ன நாக்கும் உண்டு.

நண்பர் கைப்பிடியை இழுத்தார், இழுத்தார், முகம் சிவக்கிற வரைக்கும் இழுத்தார். "நல்லா இறுகிட்டுது அண்ணை. இனிச் சுத்தேலாது" அப்படின்னார் என்கிட்ட.

அப்பா கிட்டப் போனார். கீழே கிடந்த ஒரு ஸ்பேனரை எடுத்துச் சங்கிலியில ரெண்டு தட்டுத் தட்டினார். காது கொடுத்துக் கேட்டார். அப்புறம் அந்தத் திருகோட மரையை விரலால தடவி, விரலைக் காட்டினார். செம்மண் மாதிரித் துரு.

"இது உங்க கைக்கு இறுகியிருக்குதுங்க தம்பி. சங்கிலிக்கு இறுகல."

நண்பர் என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். அந்த ஒரு வாக்கியத்தைத் துரத்திக்கிட்டுப் போனதுதான் இந்தப் பதிவு. மிச்சக் கதைக்குக் கடைசியில வரேன். முதல்ல கொஞ்சம் பழங்கதை.

எகிப்துல தெய்ர் எல்-பெர்ஷான்னு ஒரு இடம். அங்கே ஜெஹுதிஹோதெப்னு ஒரு பெரிய அதிகாரியோட கல்லறையில ஒரு சுவரோவியம், கி.மு. 1900 வாக்கைச் சேர்ந்தது. அவரோட ராட்சசச் சிலை ஒண்ணை மரச் சறுக்கு வண்டியில வெச்சு வரிசை வரிசையா ஆட்கள் இழுக்கிறாங்க. சிலையோட எடை சுமார் 58 டன் இருக்கலாம்னு கணக்குப் போட்டிருக்காங்க. நம்ம ஊர் லாரிக்காரர் யாராவது பார்த்தா முதல்ல சிலையைப் பார்க்க மாட்டார். கட்டைத்தான் பார்ப்பார்! சிலையைச் சுத்தி இரட்டைக் கயிறு. கயிறுகளுக்கு நடுவுல கட்டையைச் சொருகி முறுக்கி இறுக்கியிருக்காங்க. கயிறு சிலையில படுற ஓரத்துல தோல் மாதிரி ஏதோ மடிச்சு வெச்சிருக்காங்க, கல்லும் தேயக்கூடாது, கயிறும் அறுபடக்கூடாதுன்னு. வண்டி மேலேயே முன்பக்கத்துல ஒருத்தன் நின்னுக்கிட்டு மணல்ல எதையோ ஊத்துறான்.

அந்த ஊத்துறவனை ரொம்ப நாளா சடங்கு செய்யறவன்னு நினைச்சவங்க உண்டு. 2014-ல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக இயற்பியல்காரங்க மணலை நனைச்சு சோதனை பண்ணிப் பார்த்தாங்க. சரியான அளவு ஈரம் இருந்தா, இழுக்கத் தேவையான விசை ஏறக்குறைய பாதியாக் குறையுதாம். ஆக, இறுக்குற கட்டை, ஓரத்துக்கு மெத்தை, உராய்வைக் குறைக்க ஈரம், மூணும் ஒரே படத்துல. இன்னிக்கு ஒரு பிளாட்பெட் டிரைவர் செய்யறது இதுல எல்லாமே இருக்கு. ஒண்ணை மட்டும் கவனிச்சு வெச்சுக்குங்க. அவன் ஈரத்தை ஊத்துறது சறுக்கு வண்டிக்கு முன்னால இருக்கிற மணல்ல. கட்டுக் கயித்துல இல்லை. எது வழுக்கணும், எது வழுக்கக்கூடாதுன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு.

நம்ம பக்கம் வந்தா, உப்பு வித்த உமணர்கள். புறநானூறு 102-வது பாட்டுல ஔவையார், அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடுறப்ப, உமணர்கள் வண்டிக்கு அடியில கட்டி எடுத்துட்டுப் போற மாற்று அச்சை உவமையாச் சொல்றார். அதுக்குப் பேர் 'சேமவச்சு'. ஸ்டெப்னிக்குப் பாட்டன்! பாரம் அதிகம், பாதை எப்படி இருக்கும்னு தெரியாது, அதனால முன்கூட்டியே ஒண்ணைக் கட்டி வெச்சுக்கறது. சரக்கு ஏத்துறவனுக்கு முன்யோசனை வேணும்கிறது அவ்வளவு பழைய பாடம்.

அடுத்து கயிறு. ஐரோப்பியக் கப்பல்கள்ல நார்க் கயிறுதான் எல்லாமே. நார் நனைஞ்சா மக்கும், அதோட நீளம் சுருங்கும், காஞ்சா தளரும். மழையில இறுக்கிக் கட்டினது வெயில்ல லொடலொடன்னு ஆகும். அதுக்கு வைத்தியமா பைன் மரத்தை மூட்டம் போட்டு எடுத்த தாரைப் பூசினாங்க. 17-ம் நூற்றாண்டுல சுவீடன்லேர்ந்து ஏகப்பட்ட தார் ஏற்றுமதி ஆச்சு. 'ஸ்டாக்ஹோம் தார்'னு இன்னிக்கும் அதுக்குப் பேர். கைல எப்பவும் தார் ஒட்டிக்கிட்டு இருந்ததால பிரிட்டிஷ் மாலுமிக்கே 'ஜாக் தார்'னு பட்டப்பேர். தார் பூசின துணிக்கு 'டார்பாலின்'. அதைத்தான் நம்ம ஆளுங்க அழகா 'தார்ப்பாய்' ஆக்கிட்டாங்க. ஆக, லோடு கட்டுற சாமானுக்குப் பராமரிப்புங்கிற விஷயம் நம்ம தார்ப்பாய்ங்கிற பேர்லயே ஒளிஞ்சிருக்கு.

அப்புறம் சங்கிலி. பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி சாமுவேல் பிரவுன் 1808-ல் நங்கூரத்துக்கு இரும்புச் சங்கிலி போட வழி செஞ்சார். தார்க் கயிறு மாதிரி மக்காது, பாறையில உரசினா அறுபடாது. ஆனா ஒரு சிக்கல். கயிறு அறுபடறதுக்கு முன்னால பிசிறு தெரியும். சங்கிலியில ஒரே ஒரு வளையம் சொத்தையா இருந்தாலும் சொல்லாம கொள்ளாம விட்டுரும். அதனால சோதிக்காத சங்கிலியை விக்கக்கூடாதுன்னு 1864-ல் பிரிட்டன்ல சட்டமே வந்துச்சு.

இந்தத் தொல்லை சுரங்கக்காரங்களுக்கும் இருந்தது. ஜெர்மனியில ஹார்ஸ் மலைப் பகுதியில கிளவுஸ்தால்னு ஒரு சுரங்க ஊர். வில்ஹெல்ம் ஆல்பெர்ட்ங்கிற அதிகாரி 1834-ல் இரும்புக் கம்பிகளை முறுக்கி வடம் செஞ்சார். நாலு கம்பி சேர்ந்து ஒரு புரி, மூணு புரி சேர்ந்து வடம். ஒரு கம்பி அறுந்தாலும் மத்தது தாங்கும், வெளியில பார்த்தாலே தெரியும். ஆனா கம்பியும் கம்பியும் உள்ளுக்குள்ள உரசுமே? அதனால பின்னாடி வந்த கம்பி வடங்கள்ல நடுவுல ஒரு நார்த் திரியை வெச்சு அதை எண்ணெய்ல ஊறப் போட்டாங்க. வடம் இறுகும்போது திரி எண்ணெயைக் கசியவிடும். இப்படித்தான் எண்ணெய் கட்டுக்கு உள்ளேயே போச்சு.

இந்தக் கூத்தெல்லாம் நடக்கிறப்ப விஞ்ஞானிங்க சும்மா இல்லை. பிரான்ஸ்ல அமோந்தோன் 1699-ல் சொன்னது: உராய்வு, அழுத்துற பாரத்தைப் பொறுத்தது, தொடுற பரப்பளவைப் பொறுத்தது இல்லை. கூலோம் (ஆமா, மின்சாரத்துல படிச்சோமே, அவரேதான்) 1781-ல் உராய்வு பத்தின ஆராய்ச்சிக்காகப் பிரெஞ்சு அகாடமி பரிசு வாங்கினார். லாரிக்காரன் மேலிருந்து கீழே இறுக்கிக் கட்டுறதோட சூட்சுமம் இதுதான். கட்டு லோடைப் பிடிச்சு நிறுத்துறதை விட, லோடைத் தளத்தோட அழுத்துறது அதிகம். அழுத்தம் கூடக் கூட உராய்வு கூடும், உராய்வு லோடைப் பிடிச்சுக்கும்.

அதே உராய்வு திருகுக்குள்ள வந்தா வில்லன். போல்ட் முடுக்குற இஞ்சினியர்களைக் கேட்டுப் பாருங்க. நாம ஸ்பேனர்ல கொடுக்கிற முறுக்குல பத்துல ஒரு பங்குதான் போல்ட்டை இழுத்து இறுக்கப் போகுது. மிச்சம் ஒன்பது பங்கு மரையிலயும் தலைக்கு அடியிலயும் உராய்வாகவே கரைஞ்சு போகும்னு பொதுவாச் சொல்வாங்க. நல்ல போல்ட்டுக்கே இந்தக் கதின்னா துருப்பிடிச்ச திருகை நினைச்சுப் பாருங்க. முழு பலத்தையும் துருவே சாப்பிட்டுரும். கை வலிக்கும், வேர்க்கும், "இறுகிருச்சு"ன்னு மனசு சொல்லும். சங்கிலி சும்மா தொங்கும்.

புரியுதா? அப்பா சொன்னது இதைத்தான்.

1966-ல் பீட்டர் ஜோஸ்ட் தலைமையில பிரிட்டன் அரசுக்கு ஒரு அறிக்கை போச்சு. ஒழுங்கா எண்ணெய் போட்டு, தேய்மானத்தைக் கவனிச்சாலே வருஷத்துக்கு 51 கோடியே 50 லட்சம் பவுண்ட் மிச்சம் பண்ணலாம்னு சொன்னாங்க. 'டிரைபாலஜி'ங்கிற சொல்லே அந்த அறிக்கையிலதான் பிறந்தது. அதுவரைக்கும் எண்ணெய் போடுறது கிளீனர் பையன் வேலை. அன்னிலேர்ந்து அது ஒரு படிப்பு :-)

இதுக்கு நடுவுல செயற்கை இழை வந்துருச்சு. நைலான் 1935-ல் டூபாண்ட் கம்பெனியில வாலஸ் கரோதர்ஸ் குழு கண்டுபிடிச்சது. பாலியெஸ்டர் இழை 1941-ல் இங்கிலாந்துல வின்ஃபீல்டும் டிக்சனும் கண்டுபிடிச்சாங்க. நைலானை விட பாலியெஸ்டர் குறைவா இழுபடும். லோடு கட்டுற பட்டை பெல்ட்டுக்கு அது போதாதா? பெல்ட்டை ஒரு கதிர்ல சுத்தி, பல்சக்கரமும் நாக்கும் வெச்சு இறுக்கினா ரேச்சட் பெல்ட். இதுல ஒரு ரசாயனப் பாடமும் உண்டு. நைலானுக்கு அமிலம் ஆகாது, பாலியெஸ்டருக்குக் காரம் ஆகாது. வெயில் ரெண்டுக்குமே எதிரி. ஐரோப்பாவுல இதுக்காகவே சீட்டுக்கு நிறம் வெச்சிருக்காங்க. நீலம்னா பாலியெஸ்டர், பச்சைன்னா நைலான் ரகம், பழுப்புன்னா பாலிபுரொப்பிலீன்.

சாமான் இவ்வளவு வளர்ந்தும் லோடு விழறது நிக்கலை. இந்த இடத்துலதான் கதை எங்க வீட்டுக்குப் பக்கத்துல வருது. 1990-லிருந்து 1993 வரைக்கும் நியூயார்க் மாநிலத்துல லாரியிலேர்ந்து லோடு கழண்டு விழுந்து அடுத்தடுத்து விபத்துகள். முக்கியமா பஃபலோ பக்கத்துல, இரும்புத் தகட்டுச் சுருள்கள். பாய் சுருட்டின மாதிரி இருக்கும், ஒண்ணொண்ணும் டன் கணக்கு எடை. அது ரோட்ல உருண்டா எதிர்ல வர்ற காரோட கதி? 1993 அக்டோபர்ல அமெரிக்க நாடாளுமன்றக் குழு இதுக்காகவே விசாரணை வெச்சது.

சட்டத்தை மாத்தலாம்னு உக்காந்தப்பதான் தெரிஞ்சுது, பழைய விதிகளுக்குப் பின்னால போதுமான அளவுகோலே இல்லைன்னு. கனடாவும் அமெரிக்காவும் சேர்ந்து ஆராய்ச்சி பண்ணினாங்க. மரம், இரும்பு, கான்கிரீட் குழாய்னு ஒவ்வொண்ணையும் தளத்துல வெச்சுச் சாய்ச்சு, இழுத்து, அளந்து பார்த்தாங்க. பைண்டர் வகையைப் பொறுத்தும் சங்கிலி நீளத்தைப் பொறுத்தும் சங்கிலியில உண்மையில எவ்வளவு இழுவிசை ஏறுதுங்கிறதும் அந்த ஆராய்ச்சியில ஒரு தலைப்பு. அதாவது, டிரைவரோட கை சொல்றதை நம்பாம, சங்கிலியையே கேட்டாங்க.

அதோட பலனா 2002 செப்டம்பர்ல அமெரிக்காவுல புது விதி வந்து, 2004 ஜனவரி 1 முதல் கட்டாயமாச்சு. கனடாவும் அதே மாதிரி விதிகளை ஏத்துக்கிட்டது. சாரம் இதுதான்: பிரேக் போட்டா லோடோட எடையில 0.8 பங்கு விசை முன்னால தள்ளும், அதைக் கட்டு தாங்கணும். பின்பக்கமும் பக்கவாட்டிலும் 0.5 பங்கு. கட்டுகளோட மொத்தத் தாங்குதிறன் சரக்கோட எடையில பாதிக்காவது இருக்கணும். வழியில தானா அவிழாத மாதிரிக் கட்டணும். கிளம்பி முதல் 50 மைலுக்குள்ள (கனடாவுல 80 கி.மீ.) ஒரு தடவை நிறுத்திக் கட்டைப் பார்க்கணும். அதுக்கப்புறம் மூணு மணி நேரம் அல்லது 150 மைல், எது முதல்ல வருதோ அப்பல்லாம் பார்க்கணும்.

இதை அப்பாகிட்ட மொழிபெயர்த்துச் சொன்னேன். சிரிச்சார். "மொத டீக்கடையில நிறுத்திக் கட்டு பாருன்னு எங்க மொதலாளி சொன்னதுதான? அதுக்கு இத்தனை வருசமா?"

இப்ப பராமரிப்பு. என் நண்பர் செய்யறதையும் அப்பா சொன்னதையும் சேர்த்து எழுதுறேன், யாருக்காவது உதவும்.

பைண்டர் திருகை முழுசா வெளியே சுத்தி எடுத்து, கம்பி பிரஷ்ஷால துருவையும் பழைய கிரீஸையும் தேய்ச்சு எடுக்கணும். அழுக்கு மேலயே புது கிரீஸ் பூசினா அது உப்புத்தாள் மாதிரி மரையை அறுக்கும். சுத்தம் பண்ணின மரையில கிரீஸ் போட்டு, ரெண்டு பக்கமும் முழு நீளத்துக்கு உள்ளே வெளியே ஓட்டணும். குழாயில கிரீஸ் நிப்பிள் இருந்தா கன் வெச்சு அடிக்கலாம். பல்சக்கரத்து நாக்குக்கும் அதோட ஸ்பிரிங்குக்கும் ரெண்டு சொட்டு லேசான எண்ணெய் போதும். அங்கே கெட்டி கிரீஸை அப்பினா குளிர்ல உறைஞ்சு நாக்கு பல்லுல சரியா உக்காராது.

நிறைய பேர் நீல டப்பா WD-40 அடிச்சுட்டு வேலை முடிஞ்சதுன்னு நினைப்பாங்க (டபிள்யூடி நாற்பதுன்னு படிங்க). அது 1953-ல் சான் டியேகோவுல அட்லஸ் ஏவுகணைத் தகடு துருப்பிடிக்காம இருக்கச் செஞ்சது. 'தண்ணியை விரட்டு'ங்கிறதோட சுருக்கம்தான் பேரே, நாற்பதாவது முயற்சியில தேறினதால நாற்பது. பிடிச்சுக்கிட்ட திருகை இளக்க நல்லது. ஆனா கிரீஸ் செய்யற வேலையை அது செய்யாது. இளக்கின பிறகு துடைச்சுட்டு கிரீஸ் போடணும்.

சங்கிலியை எண்ணெய்த் துணியால மெல்லிசாத் துடைச்சு வெச்சா போதும். வளையமும் வளையமும் உரசுற இடத்துல தேய்ஞ்சு இளைச்சிருக்கான்னு பார்க்கணும். அறுந்த சங்கிலியை வெல்டிங் வெக்கக்கூடாது. லாரிச் சங்கிலி சூட்டுல பதம் பண்ணின எஃகு, வெல்டிங் சூடு அந்தப் பதத்தைக் கெடுத்துரும்.

இதெல்லாம் எண்ணெய் போட வேண்டிய இடம். போடவே கூடாத இடம் ரெண்டு. ஒண்ணு பெல்ட் துணி. இன்னொண்ணு லாரித் தளம். கிரீஸ் கையோட பெல்ட்டைத் தொட்டு, தளத்துல நாலு சொட்டு சிந்திட்டு அது மேல இரும்பை வெச்சா, உராய்வை நாமளே கொன்னுட்டோம்னு அர்த்தம். எகிப்துக்காரன் மணல்ல ஊத்தினதும் இதனாலதான், கயித்துல ஊத்தாததும் இதனாலதான்.

இனிமே கொசுவத்தி.

சின்ன வயசுல அமாவாசைன்னா எனக்குப் பிடிக்காது. எங்க பக்கம் லாரிக்காரங்க அமாவாசை அன்னிக்கு வண்டியைக் கழுவி, பூஜை போட்டு, பூசணிக்காய் உடைப்பாங்க. எங்க வீட்ல பூஜைக்கு முன்னால ஒரு வேலை உண்டு. வண்டியில இருக்கிற சங்கிலி, இறுக்குத் திருகு எல்லாத்தையும் ஒரு சாக்குல கொட்டி, மண்ணெண்ணெய்ல கழுவி, கிரீஸ் போடணும். என் வேலை அது. நகக்கண்ணெல்லாம் கறுப்பு, பள்ளிக்கூடத்துல பசங்க கிண்டல். "கிளீனர் செய்யக்கூடாதா?"ன்னு ஒரு தடவை கேட்டதுக்கு, அடிக்காத அப்பா அன்னிக்கு அடிச்சார். ஏன்னு எனக்குப் புரியலை.

எங்க வண்டியில முன்னாடி ஒரு கிளீனர் இருந்தார். எங்க ஊர்க்காரர்தான். நான் அண்ணன்னு கூப்பிடுவேன். 1987-ல் ஒரு விபத்துல அவருக்கு வலது கால் முட்டிக்குக் கீழே போயிருச்சு. திம்பம் மலையில "கட்டு விட்டுருச்சு"ன்னு மட்டும் வீட்ல பேசிக்கிட்டாங்க. அவர் கல்யாணத்தை அப்பாதான் முன்னாடி நின்னு நடத்தினார். இன்னிக்கும் தீபாவளிக்கு அவங்க வீட்டுக்குத் துணி எடுக்காம எங்க வீட்ல எடுக்க மாட்டாங்க. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

யார்டுல நண்பர் கேட்டார்: "ஐயா, உங்களுக்கு எப்பிடித் தெரியும் இது இறுகேல்லை எண்டு?"

அப்பா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் அந்த டிரெய்லர் ஓரத்துல உக்காந்து சொன்னார்.

"மெசினு லோடுங்க தம்பி. கோயமுத்தூர்ல ஏத்துனது, மைசூருக்கு. சங்கிலி போட்டு நாந்தான் இறுக்குனேன். இதே மாதிரி திருகுதான். மழைக்காலம், துருவேறிக் கிடந்துச்சு. கை வலிக்கிற மட்டும் இறுக்குனேன். கிளீனர் பையன் கேட்டான், 'இன்னொருக்கா அவுத்துப் போட்டு எண்ணெய் உட்டு இறுக்கட்டுங்களாண்ணா'ன்னு. நேரமாச்சுடா, நான் இறுக்குனா இறுகுனதுதான், ஏறுடான்னேன்."

திம்பத்துல இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு. ஒரு வளைவுல வண்டி ஏற முடியாம நின்னுருக்கு. கிளீனர் இறங்கிப் பின்சக்கரத்துக்குக் கட்டை போடப் போயிருக்கார். அப்பா திரும்ப வண்டியை எடுத்தப்ப ஒரு குலுக்கல். மெஷின் பின்னால சறுக்கி, பின்கதவை உடைச்சுக்கிட்டு இறங்கிருச்சு.

"சங்கிலி அறுபடலைங்க. முழுசா இருந்துச்சு. அப்பறம் போய்ப் பார்த்தேன். திருகு எடுத்த எடுப்புலயே நின்னுருக்குது. ரெண்டு மரை கூட உள்ள போகலை. நான் இறுக்குனது பூரா துருவைத்தான்."

முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேலா என் அப்பா இதைச் சுமந்துக்கிட்டு இருந்திருக்கார். அமாவாசைக்கு அமாவாசை என் கையில மண்ணெண்ணெய் டப்பாவைக் கொடுத்தது எதுக்குன்னு, ஹாமில்டன்ல ஒரு யார்டுல நின்னுக்கிட்டு எனக்குத் தெரிஞ்சுது. நான் என்ன சொல்றதுன்னு தெரியாம நின்னேன். நண்பர்தான் அப்பா பக்கத்துல உக்காந்தார். "விடுங்கோ ஐயா" அப்படின்னு ஒரே ஒரு வார்த்தை.

அப்புறம் மூணு பேரும் அந்த பைண்டரைக் கழட்டினோம். இங்கே பனிக்காலத்துல ரோட்டுக்கு உப்புப் போடுவாங்க, அந்த உப்புதான் இந்த வேலையைப் பண்ணியிருக்கு. ஊற வெச்சு, தேய்ச்சு, கிரீஸ் போட்டுத் திரும்ப மாட்டினோம். நண்பர் கைப்பிடியை ஆட்டினார். அதே சங்கிலி, அதே மெஷின். முதல்ல நின்ன இடத்தைத் தாண்டி லேசாவே சுத்துச்சு. எண்ணிக்கிட்டே வந்தேன், மூணு முழுச் சுத்து! அப்பா ஸ்பேனரால தட்டினார். இந்தத் தடவை எனக்கே வித்தியாசம் கேட்டுது, 'டொக்'னு இல்லை, 'ணங்'னு.

மிச்சம் இருந்த மூணு பைண்டரையும் ராத்திரி பத்து மணி வரைக்கும் கழட்டி மாட்டினோம். வீட்டுக்கு வந்தப்ப என் நகக்கண்ணெல்லாம் கறுப்பு. பையன் பார்த்துட்டு முகம் சுளிச்சான். அடுத்த தடவை அவனையும் கூட்டிட்டுப் போகணும்.

அன்னிக்கு ராத்திரி அப்பா ஊருக்குப் போன் போட்டார். அங்கே காலை நேரம். எடுத்தது அந்தக் கிளீனர் அண்ணன். ரொம்ப நேரம் பேசினாங்க. நான் கதவைச் சாத்திட்டு வந்துட்டேன்.

உங்க வீட்லயும் லாரி, டிராக்டர், போர்வண்டின்னு ஓடியிருந்தா, லோடு எப்படிக் கட்டினாங்க, சாமானுக்கு என்ன எண்ணெய் போட்டாங்கன்னு பின்னூட்டத்துல எழுதுங்க. முடிஞ்சா அப்பா, சித்தப்பாகிட்டக் கேட்டுட்டு எழுதுங்க.